மண்பாவைகளும் அவை இருந்த இடமும்

கோவைச் சமவெளிக்கு வடமேற்கே எழுந்து நிற்கும் நீலகிரியின் குன்றுகள் மீது பழங்காலக் கல்வட்டங்கள் பல உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் இவற்றைத் தோண்டியபோது, எரியூட்டப்பட்டோரின் சாம்பல், இரும்பு ஆயுதங்கள், வெண்கலக் கிண்ணங்கள் ஆகியவற்றோடு விந்தையான மட்கலங்களும் வெளிப்பட்டன. அக்கலங்களின் மூடிகள் மீது எருமை, குதிரை, பறவை முதலியவற்றின் உருவங்களும், ஆண், பெண் பாவைகளும் சுடுமண்ணால் அமைந்திருந்தன. இவற்றுட் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இப்பாவைகளின் பொருள் யாது? 1847இல் எழுதிய காங்கிரீவ் என்னும் படை அதிகாரி, இவற்றைத் தோடர்களுக்கு உரியனவாக்கி, அவர்களைச் சிதியர் வழியினர் எனக் கருதினார். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ், மேலும் பல கல்வட்டங்களை ஆராய்ந்தார்; அவரது நூல் அவர் மறைந்த பின் 1873இல் வெளிவந்தது. ஆனால் தோடர்களோ எருமை வளர்ப்போர். மலையில் மட்கலம் வனைவோர் கோத்தர்களே. இவ்வாறு விவாதம் நீண்டதற்குக் காரணம் உண்டு. எந்தப் பாவை எவருடைய சாம்பலருகே, எந்தப் பொருளோடு இருந்தது என்னும் குறிப்பு பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை.

மேற்கு மெக்சிகோவிலும் இதே நிலைதான். அங்குள்ள ஹலிஸ்கோ, நயாரித், கொலிமா பகுதிகளில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர், கிணறு போன்ற ஆழ்குழிகளின் அடியில் அறை குடைந்து இறந்தோரை அடக்கம் செய்தனர். அருகே சுடுமண் மனித உருவங்களை வைத்தனர். புதையல் திருடர்கள் அவற்றை வாரியெடுத்து விற்றனர். எனவே அவை அன்றாட வாழ்வின் காட்சிகளே என்றனர் சிலர்; இறந்தோரைக் காக்கும் மந்திரவாதிகள் என்றனர் வேறு சிலர். 1993இல் ஊய்த்சிலாபா என்னுமிடத்தில் திருடர் கைபடாத கல்லறையொன்று கிடைத்தது. அங்கே அறுவர் அடக்கப்பட்டிருந்தனர். அவர்களுட் சிலர் இரத்த உறவினர் என்பதை முதுகெலும்பின் பிறவிக் குறையொன்று காட்டிற்று. பாவைகள் குடும்பப் பெருமையோடும் முன்னோர் நினைவோடும் தொடர்புடையன என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

உருவம் கண்டவுடன் விக்கிரகம் என்று முடிவு கட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். அரபு மொழி இதில் நுட்பமானது. 'தம்ஸீல்' என்னும் உருவாக்கச் செயலோடு வேர் பகிரும் 'திம்ஸால்' என்பது உருவச் சிலையைக் குறிக்கும். இதன் பன்மையாகிய 'தமாஸீல்' திருமறையில் ஈரிடங்களில் வருகிறது. அல் அன்பியா அத்தியாயத்தில் இப்ராஹீம் (அலை) அவர்களின் சமூகத்தார் வழிபட்டவற்றை அது சுட்டுகிறது. ஸபா அத்தியாயத்தில் ஸுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் செய்தவற்றைச் சுட்டுகிறது. சொல் ஒன்றே, பொருளைத் தீர்மானிப்பது இடமும் சூழலும். வசனம் அருளப்பட்ட பின்னணியை அறிய வேண்டித் தனி நூல்களே இயற்றிய உலமாக்களின் மரபுக்கு இவ்வுண்மை புதிதன்று. உருவம் செய்வது பற்றிய மார்க்கச் சட்டம் வேறு; முன்னோர் விட்டுச்சென்ற உருவத்தை விளங்கிக்கொள்வது வேறு.

பக்தாதின் அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162-1231) எகிப்தின் தொல்சின்னங்களை நேரில் கண்டு வியந்து எழுதினார். புதையலாசையால் அவற்றைச் சிதைப்போரைக் கடிந்துரைத்த அவர், அவை கடந்த காலத்தின் சான்றுகள், படிப்பினைக்கு உரியவை என்றார். அவர் அந்தப் பழைய சமயத்தை ஏற்றவரல்லர். ஆயினும் சான்றை அழிப்பதை ஏற்கவில்லை.

கொங்கு நாட்டில் உழவிலும் கட்டட வேலையிலும் மட்கலமோ பாவையோ தலைகாட்டுவதுண்டு. மண்ணுள் கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டத்துக்கு அப்பால், அது நம் கையில் வந்த அமானிதமும் ஆகும். இருந்த இடத்திலிருந்து பெயர்க்காமல் அறிவித்தாலே, பாவையோடு அதன் பொருளும் நமக்கு எஞ்சும்.