வீட்டு நாயும் புறக்கடைக் கோழியும்

புறக்கடைக் கோழி வளர்ப்பில் ஒரு குடும்பத்தின் முதல் பத்து இருபது குஞ்சுகளேயாதலால், அவற்றுட் சில இறப்பினும் இழப்பு பெரிதாகும். நோய்க்குத் தடுப்பூசி உண்டு; கீரிக்கு மூடிய கூண்டு உண்டு. கொல்லும் விலங்கு அவ்வீட்டிலேயே வளரும் நாயாக இருப்பின், குடும்பத்தார் கோழி வளர்ப்பைக் கைவிடுவர். அன்றேல் நாயை அடித்துத் துரத்துவர். இரண்டும் வேண்டுவதில்லை.

நாய் பசியினாற் கோழியைக் கொல்கிறது என்பது பரவலான எண்ணம். வயிறார உண்ட நாயும் கோழியைத் துரத்தும். கொன்றதைத் தின்னாமலே அடுத்ததன்மேற் பாயும். உற்றுநோக்குதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், உண்ணுதல் என வேட்டை ஒரு செயற்றொடராகும். வீட்டு நாய்களில் இத்தொடரின் சில கண்ணிகள், மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கியதால் ஓங்கியும், சில மங்கியும் உள்ளன. முயல் வேட்டைக்குப் பழகிய கருநாடகத்து முதோல் நாயிலும் தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை நாயிலும் துரத்தும் இயல்பு வலிது. இமயமலைச் சாரலில் ஆட்டு மந்தையைக் காக்கும் பக்கர்வால் நாயில் அது மெலிது. துரத்தலைத் தூண்டுவது அசைவு. சிறகடித்துக் கதறி ஓடும் கோழியைவிட வலிய தூண்டுதல் அரிது. துரத்துதலே நாய்க்கு இன்பமாதலின், ஒவ்வொரு துரத்தலும் அப்பழக்கத்தை உறுதியாக்குகிறது.

ஆகவே பயிற்சிக்கு முன் வேலி வேண்டும். ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா போன்ற இனங்களின் குஞ்சுகளை ஏறத்தாழ 6 வாரம் கொட்டிலில் வளர்த்துப் பின் முற்றத்தில் விடுவர். நாயறியாத குஞ்சும், அக்குஞ்சையறியாத நாயும் சந்திக்கும் அம்முதல் வாரமே மிகுந்த ஆபத்துடையது. மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கம்பிவலையே தக்கது. நாய் அடியில் மண்ணைத் தோண்டுமாதலால், வலையின் கீழ்ப்பகுதியில் ஓரடியை வெளிப்புறமாகத் தரையில் மடித்துப் பரப்பிக் கற்களை வைத்தல் நலம். அதற்குப் பொருள் இல்லாதார்க்கு நெருக்கமான மூங்கிற் படலும் உதவும்.

வேலி அமைந்தபின் நாயைக் கயிற்றிற் பிடித்து, கோழிகளைக் கண்டும் பதறாத தொலைவில் நிறுத்துக. அது கோழியைப் பார்த்துவிட்டுப் பிடித்திருப்பவரை நோக்கித் திரும்பும் கணத்திலேயே ஓர் உணவுத் துணுக்கு அளிக்க. நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடமளவு போதும். தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். உடல் விறைத்து ஒரே நோக்காக நிற்குமாயின் மீண்டும் பின்வாங்குக. வாரக்கணக்கிற் பொறுமை வேண்டும். நன்கு பழகிய நாயையும் கோழிகளோடு தனியே விடாதிருப்பதே அறிவுடைமை. இறந்த குஞ்சை நாய்க்கு எறியும் வழக்கத்தையும் நிறுத்துதல் வேண்டும்.

நாய்க்குட்டியாயின் வேலை எளிது. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில், பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையுள்ள பருவமே நாய் பிற உயிர்களோடு உறவு கொள்ளும் முக்கிய பருவமென விளக்கினர். அப்பருவத்தில், வளர்ந்த கோழிகளை நாள்தோறும் அமைதியாகக் கண்டு பழகிய குட்டி, பின்னாளில் அவற்றை இரையென எண்ணுவது குறைவு.

கொன்ற கோழியையே நாயின் கழுத்திற் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியம் பல நாடுகளில் உண்டு. அழுகும் பிணத்தையும் முன்பு நிகழ்ந்த துரத்தலையும் நாய் இணைத்துணராது. ஆதலின் நாற்றமும் கிருமியுமே மிச்சம். பின்னர் அடிப்பதும் இத்தகையதே. தன்னை அடித்தவரைக் கண்டு அஞ்ச மட்டுமே நாய் கற்கும். விலங்குகளை வதைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே வைக்கப்படும் நாயை உரிய அளவு நடமாடவிடாமையும் அச்சட்டத்திற் குற்றமாகும். இதனை மாணவர்க்கும் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் பயிற்சிக் குறையெனக் கொள்ளலாகாது. நெடுநாள் கோழிகளோடு அமைதியாக வாழ்ந்த நாய் திடீரெனக் கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கினால், அது வெறிநோயாக இருக்கலாம். அந்நாயை எவரும் நெருங்காமற் காத்துக் கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். அது கடித்த கோழியைச் சமைத்தலாகாது. கடிபட்ட மனிதர் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும்.