மூக்கில் துணி கட்டினால் போதுமா?

ஆயுத பூஜை நெருங்கினால் நம் திருக்காட்டுப்பள்ளி கடைவீதியில் ஷட்டருக்குப் பெயிண்ட், குடோனுக்குப் புது ரேக் என்று வேலைகள் தொடங்கிவிடும். பகல் வியாபாரம் கெடக்கூடாதென்று இரவில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறோம். வெல்டிங் செய்யும் தம்பியின் மூக்கில் ஒரு கைக்குட்டை இருக்கும். இல்லாவிட்டால் 2020-ல் கொரோனாவுக்காக நாம் கட்டுக்கட்டாக விற்றோமே, அந்த மூன்றடுக்கு முகக்கவசம் இருக்கும். இரண்டுமே இந்த வேலைக்கு உதவாதவை.

திருவெறும்பூர் பெல் ஆலையில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் தொழில் பழகி வந்த பிள்ளைகளின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் கடைக்குள் அவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதை வேலை கொடுக்கும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

வெல்டிங் புகை என்பது உலோகம் ஆவியாகிக் குளிர்ந்த மிக நுண்ணிய துகள். துணியின் இழை இடுக்கில் தாராளமாக நுழைந்துவிடும். முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தையும் பொறியையும் தடுக்குமே தவிர, புகையைத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் இப்புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. பெயிண்டர் தொழில் 1989-லேயே அப்பிரிவில் சேர்ந்துவிட்டது.

ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தால் மேல்பூச்சிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அன்றிரவே குளிர் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். ஓரிரு நாளில் தணியும். இதற்குப் பால் குடித்தால் போதும் என்பார்கள். பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுவதும், ஷட்டரை முழுதும் திறந்து புகையை வெளியே தள்ளும்படி மின்விசிறி வைப்பதும்தான் முதல் வேலை. அதற்கு மேல்தான் முகக்கவசம். ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் எஃப்.எஃப்.பி.2 என்ற குறியும் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். அது 100-க்கு 94 பங்குத் துகளையாவது தடுக்கும். மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து காசு வீண்.

பெயிண்டுக்கு இது போதாது என்பதுதான் நம்மில் பலர் அறியாதது. தின்னர் வாடை துகள் அல்ல, ஆவி. எத்தனை அடுக்கு வடிகட்டி இருந்தாலும் ஆவி கடந்துவிடும். குடோனில் வண்டுக்கு மாத்திரை வைக்கும்போது தூசிக் கவசம் அந்த விஷ வாயுவைத் தடுக்காததும் இதே காரணத்தால்தான். பெயிண்ட் ஆவிக்குக் கரி நிரப்பிய டப்பாவைத் திருகிப் பொருத்தும் ரப்பர் கவசம் வேண்டும். ஐரோப்பிய முறைப்படி அந்த டப்பாவில் ஏ என்ற எழுத்தும் பழுப்புப் பட்டையும் இருக்கும். ஸ்பிரே அடிப்பதானால் அதன்மேல் துகள் வடிகட்டியும் சேர வேண்டும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத உறையில் போட்டு வைக்காவிட்டால் டப்பா சும்மா கிடந்தே தீர்ந்துவிடும். உள்ளே வாடை வந்தால் அந்த டப்பாவை மாற்றியாக வேண்டும். இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்டில் வாடையை நம்பவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் வாடை தெரியுமுன்பே ஆஸ்துமாவை உண்டாக்கும். குழாய் வழியே வெளிக்காற்று தரும் ஏற்பாடு இல்லாமல் அதைக் கடைக்குள் அடிக்க விடாதீர்கள். மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு டப்பா கவசம் உதவாது, அது ஆக்சிஜனை உண்டாக்கித் தராது.

பழைய ஷட்டரைச் சுரண்டுவதிலும் ஆபத்து உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூள் அரிசி மூட்டைமேல்தான் படியும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், சரக்கை முன்னதாகவே வெளியேற்றி வையுங்கள்.

ஹார்டுவேர் சரக்கும் வைத்திருக்கும் அன்பர்கள், “மாஸ்க் ஒன்று கொடுங்கள்” என்று வருபவரிடம் வெல்டிங்குக்கா, பெயிண்டுக்கா என்று கேட்ட பிறகே எடுத்துக் கொடுக்கவும்.