ஊட்டியா, கொடைக்கானலா? இருநூறு ரூபாய் வித்தியாசம்!

முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். "எங்கேயாவது குளிர்ச்சியான ஊருக்குப் போகலாம்மா." போன வாரம் திருப்பூரிலிருந்து என் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை, நீங்க ரெண்டு ஊருக்கும் போயிட்டு வந்தவங்க. ஊட்டியா, கொடைக்கானலா? எது செலவு கம்மி, எங்கே குளிர் கம்மி? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். அவள் இடுப்பில் பதினாலு மாதக் குழந்தை சிணுங்குவது இங்கே வரை கேட்டது.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. "நோட்டைப் பார்த்துச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன்.

நோட்டு என்பது என் வீட்டுக் கணக்கு நோட்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து எழுதி வருகிறேன். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் மட்டுமல்ல, ஊர்ப் பயணக் கணக்கும் தனிப் பக்கத்தில் இருக்கும். நாங்கள் திருச்சிக்காரர்கள். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர். 2022 ஜூலையில் ஊட்டிக்கும், 2025 மே மாதம் கொடைக்கானலுக்கும் போய் வந்தோம். இரண்டும் இரண்டிரண்டு ராத்திரித் தங்கல். பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஊட்டிக்கு ஆனது 18,500 ரூபாய். கொடைக்கானலுக்கு ஆனது 18,700 ரூபாய். மூன்று வருஷ இடைவெளியில் வித்தியாசம் வெறும் இருநூறு!

ஆனால் அந்தப் பணம் போன வழி இருக்கிறதே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஊட்டி. சீட்டு எடுத்த பணம் பதினையாயிரம் கையில் இருந்தது. மே மாதம் போனால் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. ஜூலையில் சீசன் முடிந்து பாதி விலைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். ரூம் நிஜமாகவே மலிவுதான். ஐந்து பேர் படுக்கிற பெரிய அறை ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திருச்சியில் ராத்திரி பஸ் ஏறி, அதிகாலையில் கோவையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போய், காலை 7.10 மணி மலை ரயிலைப் பிடித்தோம். மத்தியானம்தான் ஊட்டி போய்ச் சேரும். 46 கிலோ மீட்டருக்கு ஐந்து மணி நேரம் என்றால் சிரிப்பு வரலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த கம்பி இருக்கிறது. எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. அதனால்தான் அந்த நிதானம். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்த ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முன்பதிவுக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குப் பக்கம் ஆனது. பஸ்ஸில் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. ஆனாலும் பஸ்ஸென்றால் பாதி வழியில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிற என் மாமியார், அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து குகைக்குக் குகை பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கூச்சல் போட்டார். அந்த ஆயிரத்தைந்நூறு ரூபாயை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த ரயில் நின்றுபோகும் நாட்களும் உண்டு. லீவு நாட்களுக்கு முன்பதிவு திறந்தவுடனே டிக்கெட் தீர்ந்துவிடும்.

ஊட்டியில் இறங்கினால் சாரல். அன்றைக்குப் பிடித்தது மூன்றாம் நாள் கிளம்பும்வரை விடவில்லை. வெயில் முகத்தையே பார்க்கவில்லை. நீலகிரி தென்மேற்குப் பருவமழை வரும் வழியில் இருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது பேப்பரில் படித்திருப்பீர்கள். ஊட்டி டவுனில் அவ்வளவு இல்லை என்றாலும் ஈரமும் மூடுபனியும் காற்றும் எலும்பைத் தொடும். துணி காயாது. போர்வையே ஈரமாக இருக்கிற மாதிரி தோன்றும்.

என் சின்ன மகனுக்கு வீசிங் உண்டு. அப்போது அவனுக்கு ஆறு வயது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு இழுப்பு ஆரம்பித்தது. கைப்பையைத் துழாவினேன். மருந்து இருந்தது. அதைப் பொருத்தி இழுக்கிற ஸ்பேசர் இல்லை. முறுக்கு டப்பா, குக்கர், இட்லிப் பொடி எல்லாம் மறக்காமல் எடுத்து வைத்தவள், ஸ்பேசரை வீட்டில் பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாமியார் குழந்தையை நெஞ்சோடு சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கணவர் மழையில் ஓடி ஒரு காரைப் பிடித்து வந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் விடியும்வரை ஆவி மருந்து கொடுத்தார்கள். காருக்கும் வைத்தியத்துக்கும் மருந்துக்கும் சேர்த்து 4,600 ரூபாய். அது போகட்டும், பிள்ளை மூச்சுக்குத் திணறிய அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணவர் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபின் அவரே நோட்டை எடுத்து 'இதர செலவு 4,600' என்று எழுதி வைத்தார். அவர் கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது. ரூமில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே அங்கே போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று வருஷம் எங்கள் வீட்டில் மலை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

கொடைக்கானல் பக்கத்தைப் பாருங்கள், தலைகீழ். எங்களுக்குப் போக்குவரத்து மிகவும் மலிவு. திருச்சியிலிருந்து திண்டுக்கல், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைக்கு. ஐந்து பேரும் போய்வர அரசு பஸ்ஸில் 2,000 ரூபாயோடு முடிந்தது. ஊட்டிக்கு மலை ரயிலையும் சேர்த்து 3,900 ஆகியிருந்தது. (ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோட்டில் இறங்கினால் மேலே இன்னும் 80 கிலோ மீட்டர் இருக்கிறது. ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏமாந்து, வாசலிலேயே ஏரி இருக்கும் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்!) 2024 மே மாதத்திலிருந்து இரண்டு ஊருக்கும் சொந்த வண்டியில் போக, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறை கொண்டுவந்தார்கள். அரசு பஸ்ஸில் போனதால் எங்களுக்கு அந்த வேலையும் இல்லை.

மேலே போனதும்தான் பிடித்தது செலவு. மே மாதம் அல்லவா? ஊட்டியில் 1,400 கொடுத்த மாதிரி அறைக்கு இங்கே 3,600! சுற்றிப் பார்க்கக் கார் ஒரு நாளைக்கு 3,000. சாப்பாடும் கூடத்தான். பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நின்று இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை.

இரண்டு ஊருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கொடைக்கானலில் ஏரி, அதை ஒட்டிய பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக் எல்லாம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோ மீட்டர் சமதளமான ரோடு. முட்டி வலிக்காரரான மாமியார் நடப்பதும் உட்காருவதுமாகக் கால்வாசி சுற்றிவிட்டார். முதல் நாள் எங்களுக்கு வண்டிச் செலவே இல்லை. ஆனால் தூண் பாறை, பைன் காடு, குணா குகை என்று போக வேண்டுமானால் கார்தான். ஊட்டியில் தாவரவியல் பூங்கா சரிவிலே இருக்கிறது. மேலே ஏறிப் போவதற்குள் மாமியார் "நான் இங்கேயே இருக்கேம்மா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அங்கே டவுன் பஸ் தாராளம். குன்னூருக்கு அடிக்கடி பஸ் உண்டு, ரயிலும் உண்டு. வாடகைக் காரே பிடிக்காமல் ஊட்டியைச் சுற்றலாம். ஆசைக்கு ஒரு நாள் கார் பிடித்தது எங்கள் தப்பு.

குளிரைப் பற்றிக் கேட்டாளே, அதற்கு வருகிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,130 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மே மாதம் இரண்டிலும் பகலில் இருபதை ஒட்டித்தான் இருக்கும். ஒன்றிரண்டு டிகிரிக்காக ஊரை மாற்ற வேண்டியதில்லை. மாசம்தான் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஊட்டிப் பக்கம் மழை அதிகம். பழனி மலையில் அந்த அளவு இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலில் பிடித்துக்கொள்ளும், அப்போது கைக்குழந்தையோடு அங்கே போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி. தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி இருக்கும். பார்க்க அழகு, சளிப் பிள்ளைகளுக்கு ஆகாது. என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்தான் இரண்டு ஊருக்கும் நல்லது. மழை இல்லை, கூட்டம் இல்லை, ரூமும் மலிவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது நடக்காது, வாஸ்தவம். ஆனால் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகாத இளம் தாய்மார்கள் மே மாதக் கூட்டத்தில் போய் ஏன் இடிபட வேண்டும்?

சில விஷயங்கள் பட்டுத் தெரிந்துகொண்டேன். மலை ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்கும், வீறிட்டு அழும். அந்த நேரம் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கச் சரியாகும். பெரிய பிள்ளைகளுக்கு வாயில் ஒரு மிட்டாய் போதும். கிளம்பும்போது வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். குளிர்கிறதே தவிர அங்கே வெயில் உறைப்பு அதிகம். கன்னம் கறுத்து உதடு வெடிக்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரமே, நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகத் தாமதமாகும். சமைக்கிற மாதிரி அறை எடுப்பவர்கள் குக்கரைக் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்கும் கட்டாயம்.

முக்கியமாக ஒன்று. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரியடுப்புத் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். அப்படி இறந்தவர்கள் உண்டு. குளிர்ந்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள், கூடுதலாக ஐம்பது நூறு கேட்டாலும் கொடுங்கள்.

கொடைக்கானலில் என் மகனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஸ்பேசர் என் கழுத்தில் தாலிக்கயிற்றோடு தொங்காத குறைதான். சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு வந்தோம். பூண்டை மாமியார் கொத்தாக அடுப்படியில் கட்டித் தொங்கவிட்டார்.

நோட்டை மூடிவிட்டு நாத்தனார் மகளுக்கு மறுபடி போன் போட்டேன். "மாப்பிள்ளைக்கு லீவு எப்போம்மா?" என்றேன். ஜூன் கடைசியில் ஒரு வாரமாம். திருப்பூருக்கு ஊட்டிதான் கிட்டம், பஸ் சத்தமும் குறைவு. பிப்ரவரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊட்டி என்று சொல்லியிருப்பேன். ஜூன் கடைசி என்றதும் "கொடைக்கானலே போ. பழனி வழியா போ. பிள்ளைக்கு இன்னும் மொட்டை போடலையே, பழனியில போட்டுட்டு ஒரு ராத்திரி தங்கி இளைப்பாறிட்டு மேலே ஏறு. அங்கேயிருந்து 64 கிலோ மீட்டர்தான். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், சனி ஞாயிறைத் தவிர்த்தா ரூமும் இறங்கியிருக்கும்" என்றேன். குளிரில் மொட்டைத் தலை என்பதால் காதை மூடுகிற கம்பளித் தொப்பி இரண்டாவது எடுத்துப் போகச் சொன்னேன். ஒன்று நனைந்தால் ஒன்று வேண்டுமே.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "பழனிக்கா? கொள்ளுப்பேரனுக்கு மொட்டையா? நானும் வர்றேன்னு சொல்லு. இழுவை ரயில்ல ஏறிக்கிறேன், முட்டி ஒண்ணும் பண்ணாது" என்றார். அங்கே போனில் அவள் சிரிக்கிறாள். சாயங்காலமே என் மகளைக் கடைக்கு அனுப்பிக் கம்பளி நூல் வாங்கி வரச் சொல்லிவிட்டார். இப்போது ஊசியும் கையுமாகத் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறார். திருச்சியிலிருந்து பழனிக்கு பஸ் சத்தம் எவ்வளவு என்று நோட்டில் புதுப்பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.