டைட்டானியம் டைவ் வாட்சை விற்கப்போகிறீர்களா? கீறலைத் தேய்க்காதீர்கள்

சுங்குடிச் சேலை வாங்க வெளியூர் வியாபாரிகள் வந்துபோகும் ஊர் சின்னாளப்பட்டி. சேலைக்கு ஆள் தேடி வருவார்கள், வாட்சுக்கு வரமாட்டார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்து அந்த ஊருக்குத் திரும்பிய ஒருவர், லிமிடெட் எடிஷன் டைட்டானியம் டைவ் வாட்ச் ஒன்றை விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் முதலில் போவது நகைக்கடைக்குத்தான். எடை போட்டு விலை சொல்லிப் பழகிய இடம் அது. டைட்டானியத்துக்கு அங்கே விலை இல்லை. இந்த வாட்சின் மதிப்பு உலோகத்தில் இல்லை. அது அசல்தானா, தேய்க்காமலும் மாற்றாமலும் இருக்கிறதா என்பதற்கான சான்றில் இருக்கிறது. விற்பவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தச் சான்றைக் காப்பாற்றுவதுதான்.

வாட்சில் டைட்டானியம் எப்படி வந்தது? 1970-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் முதல் டைட்டானியம் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. டைவ் வாட்சுக்கு அது வந்த கதைக்கு ஒரு கடிதம்தான் தொடக்கம். ஹிரோஷிமா பகுதியின் குரே நகரைச் சேர்ந்த ஒரு முக்குளிப்பவர், ஆழ்கடல் வேலைக்கு உங்கள் வாட்ச் தாங்கவில்லை என்று 1968-இல் செய்கோ நிறுவனத்துக்கு எழுதினார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1975-இல், 600 மீட்டர் ஆழம் தாங்கும் டைட்டானியம் டைவ் வாட்சை செய்கோ கொண்டுவந்தது. உலகில் அந்த வகையில் அதுவே முதல்.

எஃகைவிட டைட்டானியம் ஏறக்குறைய 40 சதவீதம் எடை குறைவு. கடல்நீர் அரிக்காது, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தோலிலும் உறுத்தாது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியிலும், ஆட்கள் அமரும் கோளம் டைட்டானியம் கலவையால் ஆனதுதான்.

இத்தனை வலுவான உலோகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சாதாரண டைட்டானியத்தில் மெல்லிய கீறல் சீக்கிரம் விழும். பல வாட்சுகளின் பளபளப்பில்லாத சாம்பல் மேற்பரப்பு, தொழிற்சாலையில் நுண்மணிகளை அடித்துக் கொண்டுவந்தது. அதன் மேல் விழுந்த கோடு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். விற்கும் நேரத்தில் அது கண்ணை உறுத்தும். பாலிஷ் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். தேய்ப்புச் சக்கரத்தில் டைட்டானியம் இழுபடும், சூடேறும். அதன் பொடி தீப்பற்றக்கூடியது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். பட்டை பொருந்தும் காதுகளின் கூரான ஓரங்கள் மழுங்கிப்போகும். முதுகில் பொறித்த வரிசை எண்ணும் தேய்ந்துவிட்டால் லிமிடெட் எடிஷன் என்பதற்கான அடையாளமே போயிற்று. வாங்குபவர் கீறலை மன்னிப்பார், தேய்த்ததை மன்னிக்கமாட்டார். மென்மையான ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தால் போதும். உள்ளே நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்கு எத்தனை வயது என்று தெரியாதபோது குழாயடியில் காட்ட வேண்டாம்.

நீர் தாங்கும் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தின்படி, எழுதியிருக்கும் ஆழத்துக்கு உரிய அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக, ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதித்திருக்க வேண்டும். அது வாட்ச் புதிதாக வந்தபோது நடந்த சோதனை. இன்று அது தாங்குமா என்று பார்க்க, சர்வீஸ் சென்டரில் காற்றழுத்தச் சோதனை செய்து தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு சர்வீஸ் தேவையா என்றால், ஓட்டம் சரியாக இருக்கும்வரை வேண்டாம் என்பேன். அந்தச் செலவு விலையில் முழுதாகத் திரும்புவது அரிது. யாரிடம் சர்வீஸ் செய்வது என்பதை வாங்குபவரே முடிவுசெய்ய விரும்பலாம்.

அடுத்து பெட்டி. தேதியும் கடை முத்திரையும் உள்ள வாரண்டி அட்டை, பில், கையேடு, கூடுதல் ஸ்ட்ராப், கைக்கு அளவெடுக்கும்போது கழற்றி வைத்த கண்ணிகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்த வகைக்கு ஒரு கண்ணியை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ள முடியாமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தபோது சுங்கவரி கட்டியிருந்தால் அந்த ரசீதும் வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஒவ்வொரு கீறலும் தெரியட்டும். சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் மறையுங்கள். போலி வாட்சும் போலி அட்டையும் செய்பவர்களுக்கு அந்த எண் தேவைப்படும்.

விலை விஷயத்தில் இணையத்தில் கேட்கப்படும் விலையை நம்ப வேண்டாம். அதே வகை கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்பதே கணக்கு. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை ஏறிவிடாது. தேடுபவர்கள் இருக்க வேண்டும். சுவிஸ் வாட்ச் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய தடையற்ற வர்த்தகக் கூட்டமைப்பு (எஃப்டா) நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சுவிஸ் வாட்சுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. புதிய வாட்சின் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கலாம்.

எத்தோஸ் நிறுவனத்தின் செகண்ட் மூவ்மென்ட் போன்ற பழைய வாட்ச் விற்பனையகங்கள் வாங்கும் விலை குறைவாகத் தோன்றும். சரிபார்ப்பு, உத்தரவாதம், லாபத்தின் மீதான ஜிஎஸ்டி எல்லாம் அவர்கள் தலையில். நேரடியாக விற்றால் கூடக் கிடைக்கும். பொறுப்பு முழுதும் உங்களுடையது.

அந்தப் பொறுப்பில் பெரியது பணம் வாங்குவது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் விதிக்கலாம், அதுவும் ரொக்கத்தைப் பெற்றவர் மீதே. பணம் பெறுவதற்கு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் பணமல்ல. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வாட்ச் தனிப்பட்ட பொருள் என்பதால் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி பொதுவாக வராது. தங்கமோ ரத்தினமோ பதித்ததாக இருந்தால் ஆபரணமாகக் கருதப்படலாம். வாங்கி விற்பதே தொழிலானால் அது வருமானம்.

கூரியரில் அனுப்புவதைவிட திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஒரு வங்கிக் கிளையில் நேரில் சந்திப்பது நல்லது. வாங்குபவர் லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பார்த்த பிறகு வாட்சைக் கொடுங்கள். பிறகு இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள்: பெயர்கள், சீரியல் எண், லிமிடெட் எடிஷன் எண், தொகை, தேதி, ஒப்படைத்த பொருள்களின் பட்டியல், அழுத்தச் சோதனை நடந்த நாள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.