இருட்டுக் காம்பராவில் முகம் தெளிவாக விழ எந்த லென்ஸ் வாங்கலாம்?

தோட்டங்களில் இப்போது கல்யாணம், சடங்கு, பேர் வைக்கிறது, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் நமது பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ கெமராவோடு நிற்பதைக் காண்கிறோம். சந்தோஷமான விஷயம். டவுனில் இருந்து ஆள் கூப்பிட்டுக் கொடுத்த காசு தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. இப்படித் தொழில் தொடங்கிய பிள்ளைகளும் பெற்றோரும் எங்களிடம் வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வெளியில எடுத்தா படம் நல்லா வருது. காம்பராவுக்குள்ள எடுத்தா இருட்டா, ஆடின மாதிரி வருது. புதுக் கெமரா வாங்க லோன் கிடைக்குமா?"

இதற்கு நாம் சொல்லும் பதில்: அவசரப்பட்டுக் கெமராவை மாற்றாதீர்கள். முதலில் லென்ஸைக் கவனியுங்கள். அப்பா அம்மா வேலையை விட்டு நிற்கும்போது கையில் கிடைக்கிற ஈ.பி.எப். காசு வாழ்க்கையில் ஒரு தரம் வருகிற காசு. அதை எடுத்துப் பெரிய கெமரா வாங்கிவிட்டு, அதற்குப் பிறகும் காம்பராவுக்குள் படம் சரிவரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

படம் ஏன் ஆடுகிறது?

வெளிச்சம் போதாவிட்டால் கெமரா தன் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஆள் தலையைத் திருப்பினால், சிரித்தால், கையைத் தூக்கினால் அந்த அசைவெல்லாம் படத்தில் இழுபட்டு விழும். அதைத்தான் 'ஆடிப் போச்சு' என்கிறோம்.

இது புதிய பிரச்சினை அல்ல. உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875ஆம் ஆண்டு தம் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அம்மையார் 1879இல் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் காலத்தில் ஒரு படத்துக்கு ஆள் நிமிஷக் கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். இலங்கையில் சாதாரண மக்களையும் தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் அவர் படம் பிடித்திருக்கிறார். அவற்றில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன.

பிறகு 1924இல் ஜெர்மனியில் எர்மனொக்ஸ் என்ற கெமரா வந்தது. அதன் சிறப்பு அதன் லென்ஸின் பெரிய வாய்தான். 1928 முதல் எரிக் சலமோன் என்பவர் அந்தக் கெமராவைக் கொண்டு நீதிமன்றத்துக்குள்ளேயும் பெரிய மனிதர்களின் கூட்டங்களிலும் 'பிளாஷ்' அடிக்காமல், மற்றவர்கள் தம் பாட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் பிடித்தார். ஆட்களை நிறுத்தி வைக்காமல் இயல்பாக எடுக்கும் வழக்கத்துக்கு அவர் ஒரு முன்னோடி. அதற்கு வழி செய்தது லென்ஸின் வாய் என்பதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

லென்ஸின் வாய் என்றால் என்ன?

சின்ன ஜன்னல் வைத்த காம்பராவுக்கும் பெரிய ஜன்னல் வைத்த காம்பராவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. லென்ஸின் முன்பக்கத்தில் 1.8, 2.8, 3.5-5.6 என்று இலக்கம் எழுதியிருக்கும். இதை 'எப்' இலக்கம் என்பார்கள். இலக்கம் சிறிதாக இருந்தால் வாய் பெரிது. பலர் தலைகீழாக நினைத்து விடுகிறார்கள்.

50 மி.மீ. லென்ஸில் எப் 1.8 என்றால் திறப்பின் அகலம் ஏறக்குறைய 28 மி.மீ. அதே நீளத்தில் எப் 5.6 என்றால் 9 மி.மீ. மட்டுமே. பரப்பளவில் கணக்குப் பார்த்தால் முதலாவது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

கெமராவோடு சேர்த்துக் கொடுக்கிற 18-55 மி.மீ. சூம் லென்ஸின் இலக்கம் 3.5-5.6. கிட்ட இழுக்க இழுக்க அதன் வாய் 5.6 வரை சுருங்கும். அந்த லென்ஸோடு ஒரு குண்டு பல்ப் வெளிச்சத்தில் 12இல் ஒரு செக்கன் தேவைப்பட்டால், எப் 1.8 லென்ஸில் 125இல் ஒரு செக்கனே போதும். 12இல் ஒரு செக்கனில் சிரிக்கிற பிள்ளையின் முகம் கலங்கும். 125இல் ஒரு செக்கனில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் நின்று விழும்.

கடைக்காரர் "இந்த லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கிற வசதி இருக்கு" என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது நமது கை நடுங்குவதை மட்டுமே தடுக்கும். எதிரே இருக்கிறவர் அசைவதை அது தடுக்காது.

பிளாஷ் அடித்தால் போதாதா?

கெமராவில் இருக்கும் பிளாஷை நேரே அடித்தால் முகம் வெள்ளை வெளேரென்று விழும், பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழும், கண் சிவக்கும். அடுப்புப் புகை உள்ள இடத்தில் அந்தப் புகையும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஸ்டூடியோக்காரர்கள் பிளாஷை மேலே திருப்பி வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பி வரச் செய்வார்கள். புகை பிடித்த தகரக் கூரை அப்படி வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஷ் ஒரு தரம் அடித்தவுடனே எல்லோரும் விறைத்துப் போய் நிற்பார்கள். பாட்டி பேத்திக்குப் பூ வைக்கிற அந்த இயல்பு போய்விடும்.

எத்தனை மி.மீ. வாங்குவது?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "50 மி.மீ. எப் 1.8 விலை குறைவு, எல்லாரும் வாங்குறாங்க" என்று வாங்கி விடுகிறார்கள். லென்ஸ் நல்லதுதான். ஆனால் பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. நம்மிடம் உள்ள சாதாரண டிஜிட்டல் கெமராக்களின் உள்ளே இருக்கும் சென்சர் சிறியது. அதனால் படம் கிட்ட இழுத்த மாதிரி விழும். 10 அடி தள்ளிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 50 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய நாலரை அடி அகலம் மட்டுமே விழும். மாப்பிள்ளை, பெண் இருவர் மட்டும் அடங்குவார்கள். தாலி எடுத்துக் கொடுக்கிற பெரியவர் வெளியே போய்விடுவார். அதே இடத்தில் 35 மி.மீ. என்றால் ஆறரை அடி அகலம். 24 மி.மீ. என்றால் ஒன்பது அடிக்கு மேல்.

ஆகவே:

காம்பராவுக்குள்ளும் இஸ்தோப்பிலும் எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால், நிக்கோன் கெமரா வைத்திருப்பவர்கள் 35 மி.மீ. எப் 1.8 லென்ஸைப் பார்க்கலாம். சிறிய சென்சர் கெமராக்களுக்கென்றே 2009இல் வந்த லென்ஸ் அது. கெனன் வைத்திருப்பவர்களுக்கு 2014இல் வந்த 24 மி.மீ. எப் 2.8 லென்ஸ் உண்டு. இது எப் 1.8ஐ விட வெளிச்சம் குறைவாகவே விடும். ஆனாலும் எப் 5.6ஐப் போல 4 மடங்கு விடும், இடமும் அடங்கும்.

கோயில் மண்டபம், பாடசாலை மண்டபம், வாசிகசாலை போன்ற பெரிய இடங்களில் தனி முகங்களை எடுப்பதென்றால் 50 மி.மீ. எப் 1.8 மிகப் பொருத்தம். கெனனில் 2015இல் வந்த 50 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸ் பலரும் பாவிக்கிற, அதிக விலை இல்லாத லென்ஸ்.

காசு கொடுக்க முன்னர் செலவில்லாத ஒரு பரீட்சை செய்து பாருங்கள். கையில் இருக்கும் 18-55 சூமை 35இல் வைத்து அசையாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் பின்னேரம் முழுக்க வீட்டுக்குள் அதிலேயே எடுங்கள். அடுத்த நாள் 50இல் ஒட்டி எடுங்கள். எதில் இடம் போதவில்லை என்பது உங்களுக்கே விளங்கும். வெளிச்சம் போதாமல் படம் ஆடினாலும் பரவாயில்லை. பார்ப்பது இடத்தை மட்டும்தான்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் அவதானிக்க வேண்டியவை

பாவித்த லென்ஸ் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு விஷயத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

1. பூஞ்சணம். மலைநாட்டு ஈரத்துக்கு லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறு பக்கத்தால் பாருங்கள். நூல் தெரிந்தால் வேண்டாம்.

2. பொருத்தம். நிக்கோனில் 3000, 5000 வரிசைக் கெமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் அதில் பூட்டுப்படும், ஆனால் தானாகப் போகஸ் ஆகாது. 'ஏ.எப்.-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மிரர்லெஸ் கெமரா என்றால் லென்ஸ் பூட்டும் வேறு. உங்கள் கெமராவைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

3. போகஸ். எப் 1.8இல் வைத்து ஒருவரின் கண்ணைப் பிடித்து நாலைந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

4. ரசீது. யாரிடம், என்ன விலைக்கு, எந்தத் திகதியில் வாங்கினீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு லென்ஸை அலுமாரியில் துணியோடு சுற்றி வைக்காதீர்கள். காற்றுப் போகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோடு வையுங்கள். மழையில் நனைந்து வந்தால் நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே மூடுங்கள்.

பாவிக்கும் முறை

காம்பராவுக்குள் எப் 1.8 அல்லது 2, 125இல் ஒரு செக்கன், ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை என்று தொடங்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். மணலாக விழுந்த முகத்தை அச்சடிக்கலாம், ஆடிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. சில பல்ப் வெளிச்சத்தில் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த வெளிச்சம் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. அப்போது 100இல் ஒரு செக்கனுக்கு மாற்றுங்கள், பட்டை மறையும்.

வாய் பெரிதாக இருந்தால் தெளிவாக விழும் ஆழம் குறையும். 35 மி.மீ. எப் 1.8இல் ஆறரை அடி தூரத்தில் நிற்கிறவரை எடுத்தால் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 9 அங்குலம்தான் தெளிவு. ஆகவே கண்ணிலேயே போகஸ் வையுங்கள். இரண்டு வரிசையில் குடும்பம் நின்றால் எப் 4க்கு மாற்றி, எல்லோரையும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள்.

பகலில் கதவைத் திறந்து விட்டு, ஆளைக் கதவுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். அதைவிட நல்ல வெளிச்சம் கடையில் வாங்கக் கிடைக்காது. பிறகு "சிரிங்க, இங்க பாருங்க" என்று சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருங்கள். பத்து நிமிஷத்தில் கெமராவை மறந்து விடுவார்கள். அப்போதுதான் உண்மையான முகம் வெளியே வரும்.

ஆனால் வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். தாய்மார், வயசுப் பிள்ளைகள் விஷயத்தில் இது கட்டாயம். வேண்டாம் என்று சொன்ன படத்தை அவர்கள் கண் முன்னாலேயே அழித்து விடுங்கள். கேட்காமல் யாருடைய படத்தையும் போனில் போட்டுச் சுற்ற விடாதீர்கள். லயத்தில் ஒரு தரம் நம்பிக்கை போனால் அந்தத் தொழிலும் போனது போலத்தான்.

கெமரா இல்லாதவர்கள் போனிலேயே எடுக்கலாம். போனின் லென்ஸைச் சுத்தமான துணியால் துடையுங்கள். சூம் பண்ணாமல் கிட்டப் போய் எடுங்கள். கதவு வெளிச்சத்தைப் பாவியுங்கள்.

நமது தோட்டங்களில் ஐம்பது வருஷம் கொழுந்து பறித்த எத்தனையோ பெரியவர்களுக்கு அடையாள அட்டையில் உள்ள படத்தைத் தவிர வேறு படம் இல்லை. அவர்கள் போன பிறகு மாலை போட்டு வைக்க அந்தச் சின்னப் படத்தைத்தான் பெரிதாக்குகிறார்கள். அதில் அவர்கள் சிரிப்பதில்லை. ஆகவே லென்ஸ் வாங்கும் பிள்ளைகளே, முதல் வேலையாக உங்கள் லயத்தில் உள்ள வயசானவர்களை, அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பழைய கதை பேசும்போது, ஆளுக்கு ஒரு படம் எடுத்து, அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். கடன் எடுக்க நினைப்பவர்கள் கையெழுத்து வைக்க முன்னர் நலன்புரி அலுவலகத்துக்கு ஒரு தரம் வந்து பேசிவிட்டுப் போங்கள்.