தமனிச் சுவரில் ஓர் எலும்பு

சர்க்கரை நோய்க்காகக் கால் பரிசோதனைக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள்: பி.பி. பட்டையைக் கணுக்காலிலும் சுற்றுவார்கள். பாதத்தில் டாப்ளர் கருவியை வைத்து, ரத்தம் பாயும் ஓசையைக் கேட்டபடியே காற்றை ஏற்றுவார்கள். ஓசை அடங்கியதும் காற்றை மெல்ல இறக்கி, ஓசை திரும்பும் இடத்தில் அழுத்தத்தைக் குறிப்பார்கள். அந்த அளவைக் கையின் அளவால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வரவேண்டும். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. சிலருக்கு எவ்வளவு ஏற்றினாலும் ஓசை அடங்காது, விடை 1.4-ஐத் தாண்டிவிடும். காலில் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. தமனி விறைத்து, அமுக்கவே முடியாதபடி ஆகிவிட்டது. அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்தால், தமனியின் இரண்டு சுவர்களும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கால்சியம்!

வடசென்னையின் டோல்கேட், காலடிப்பேட்டை வீடுகளில் உப்புத் தண்ணீர்க் குழாயில் காரை பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, ரத்தக் குழாயிலும் இப்படித்தான் படியும் என்று தோன்றுவது இயல்பு. பயந்துபோய்ப் பாலையும் கேழ்வரகையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. உண்மை அதைவிட வியப்பானது: அங்கே உயிருள்ள செல்கள் எலும்பு கட்டுகின்றன.

தமனிச் சுவரின் நடு அடுக்கில் மென்தசை செல்கள் இருக்கின்றன. சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது அவற்றின் வேலை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியிருந்தால், சிறுநீரகம் பழுதாகி பாஸ்பேட் தேங்கினால், இந்தச் செல்கள் குணம் மாறுகின்றன. எலும்பு செல்களை உருவாக்கும் ரன்க்ஸ்-2 என்ற புரதம் அவற்றுக்குள் விழித்துக்கொள்கிறது. தசைக்குரிய புரதங்கள் குறைகின்றன. செல்கள் நுண்ணிய பைகளை வெளியே தள்ளுகின்றன. அவற்றில் கால்சியமும் பாஸ்பேட்டும் கூடி ஹைட்ராக்சிஅபடைட் படிகமாகின்றன. நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் இதே தாதுதான். நடு அடுக்கில் நடக்கும் இந்த மாற்றத்தை ஜெர்மானிய மருத்துவர் மோங்கெபெர்க் 1903-இலேயே விவரித்துவிட்டார். இதயத் தமனிகளில் கொழுப்புத் திட்டுகளுக்குள் சேரும் கால்சியம் வேறு வகை. அங்கே அழற்சியும் மடிந்த செல்களும் விதையாகின்றன.

எனக்குப் பெரிய வியப்பு, இது எல்லோருக்கும் நடக்காமல் இருப்பதுதான். நம் ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் படிகமாகத் தயாராகவே இருக்கின்றன. தடுப்பவை சில காவலர்கள். ஒன்று, மேட்ரிக்ஸ் க்ளா புரதம். 1997-இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்; தமனிகள் கல்லாகி வெடித்து, இரண்டு மாதங்களுக்குள் அவை மடிந்தன. இந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். நம் கீரைகளில் அது தாராளமாக உண்டு.

இந்த மாற்றத்தைத் தூண்டும் சர்க்கரை நோய்க்கென்று இந்தியாவில் தனிப் பிரிவை 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கியது வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில்தான். 1954-இல் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் ராயபுரத்தில் நடக்கிறது. இவ்வளவு அருகில் சிகிச்சை இருந்தும், புண் வந்த பிறகே காலைக் காட்டுகிறோம் என்பது வருத்தமாக இருக்கிறது.

பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது காலையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். கணுக்கால் விகிதம் 1.4-ஐத் தாண்டினால், பெருவிரலில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் தமனிகளில் கால்சியம் பெரும்பாலும் பிடிப்பதில்லை, அந்த அளவை நம்பலாம். டாக்டர் சொல்லாமல் பாலை நிறுத்தாதீர்கள். கட்டிவிட்ட படிகத்தைக் கரைக்க, நிரூபணமான மருந்து இன்னும் வரவில்லை.