ஒரிஜினலைக் கொடுக்காதீங்க! நர்ஸ் வேலையில சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தா. "அக்கா, ரெண்டு ஆஸ்பத்திரியில ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு 18,000, இன்னொண்ணு 20,000. எதுல சேரட்டும்?" கொஞ்ச நாளா ஊர் ஊரா இதே கேள்விதான் வருது. "அவங்ககிட்ட நீ என்னம்மா கேட்ட?"ன்னேன். "எப்ப ஜாயின் பண்ணணும்னு கேட்டேங்க்கா"ன்னா.

அவ்வளவுதான்! கத்தரிக்கா வாங்கினா காம்பைத் திருப்பிப் பார்க்கறோம், ஓட்டை இருக்கானு உருட்டிப் பார்க்கறோம். வேலைன்னா மட்டும் கையெழுத்து எங்க போடணும்னு பேனாவைத் திறந்துடறோம்.

கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், ரெனியூவல் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் தாண்டிப் போறேன். முதல் கேள்வி, ஏன், கடைசிக் கேள்வியும் இதுதான்: "ஒரிஜினல் சர்டிபிகேட்டை நீங்க வாங்கி வச்சுக்குவீங்களா?" ஆமான்னு சொன்னா அங்கயே யோசிங்க.

இதை நான் புஸ்தகத்துல படிச்சுட்டுச் சொல்லல. என் முதல் வேலையில நீலக் கலர் ஜிப் ஃபைலை அப்படியே ஹெச்.ஆர். மேஜையில வச்சேன். பத்தாவது மார்க் ஷீட்ல இருந்து ஆர்.என்.ஆர்.எம். வரைக்கும் அதுலதான். ஸ்டீல் பீரோவுல போட்டுப் பூட்டினார். ரசீது கேட்கக்கூட எனக்குத் தோணல. ரெண்டு வருஷம் பாண்ட். பதினாலாவது மாசம் வேற நல்ல வேலை கிடைச்சுக் கிளம்பறேன்னு சொன்னா, "ட்ரெய்னிங் செலவு 50,000 கட்டிட்டு ஃபைலை எடுத்துக்கோங்க"ங்கறாங்க. என்ன ட்ரெய்னிங் தெரியுமா? ரெண்டு நாள் இண்டக்ஷன். ஒரு டீ, ஒரு சமோசா. அம்மா தோட்டை அடகு வச்சு அந்தச் சமோசாவுக்குக் காசு கட்டினோம். ஃபைல் திரும்பி வந்தப்ப இந்த சர்டிபிகேட் நடுவுல மடிஞ்சிருந்தது. இதோ பாருங்க, கோடு தெரியுதா? பதினோரு வருஷமாச்சு, இன்னும் போகல.

பாண்ட் போட்டாலே செல்லாதுன்னு சிலர் சொல்றாங்க. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா 2 லட்சம் கட்டணுங்கற ஒப்பந்தம் செல்லும்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதே சமயம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, பாண்ட்ல எழுதின தொகைதான் உச்ச வரம்பு. அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதனால கேளுங்க: "பாண்ட் எத்தனை மாசம்? நடுவுல போனா எவ்வளவு? அந்தத் தொகைக்குக் கணக்கு என்ன?" சமோசா கணக்கா இருந்தா அப்பவே தெரிஞ்சுடும்.

ஆனா சர்டிபிகேட் விஷயம் வேற. அது ஒண்ணும் விலைக்கு விக்கிற சரக்கு இல்ல, அடகுப் பொருள் மாதிரி பிடிச்சு வைக்க முடியாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு. ஒரிஜினலைக் கேட்டா இப்படிச் சொல்லுங்க: "சார், வெரிஃபை பண்ணிக்கோங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் தர்றேன்." ஜெராக்ஸ் மேல ஆஸ்பத்திரி பேரு, தேதி, 'வேலைக்கு மட்டும்'னு எழுதிடுங்க. ஏற்கெனவே கொடுத்து மாட்டிக்கிட்டவங்க, திருப்பிக் கேட்டு ஒரு லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பதில் வரலைன்னா 15100-க்குப் போன் பண்ணுங்க. சட்ட உதவி மையம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசம்.

சரி, சம்பளம். 20,000-னு சொன்னாங்கன்னா அது கையில வர்றதா, இல்ல சி.டி.சி.யா, அதாவது உங்களுக்காக ஆஸ்பத்திரிக்கு ஆகற மொத்தச் செலவானு கேளுங்க. சி.டி.சி.ன்னா ஒரு கணக்குப் போடுவோம். பி.எஃப். பிடிக்கிற அடிப்படைச் சம்பளம் 12,000-னு வச்சுக்குங்க. ஆஸ்பத்திரி கட்டற 12 சதவீத பி.எஃப்., 3.25 சதவீத இ.எஸ்.ஐ. ரெண்டும் அந்த 20,000-க்குள்ளயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் உங்க பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். கையில சுமார் 16,400. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்து 4,500 பிடிச்சா 12,000-கூடத் தேறாது. கையில 18,000 சுளையா வர்ற இடம் இதைவிட மேல்.

ஹாஸ்டல்னதும் ஞாபகம் வருது. எங்க ஹாஸ்டல்ல வாரத்துல நாலு நாள் உப்புமா. நைட் டியூட்டி முடிச்சு எட்டரைக்கு வந்தா அது ஆறி, தட்டைக் கவுத்தாலும் விழாது. கேஸ் ஷீட் ஒட்டறதுக்கு ஆகும்னு ஒரு சீனியர் அக்கா சொல்வாங்க. அவங்க இப்ப அயர்லாந்துல இருக்காங்க. போன மாசம் பேசும்போது "அந்த உப்புமா சாப்பிடணும் போல இருக்குடி"ங்கறாங்க! எதுக்குச் சொல்றேன்னா, ஹாஸ்டல் கட்டாயமா, வெளியில தங்கலாமானு கேளுங்க. ராத்திரி டியூட்டிக்கு வண்டி உண்டானும் கேளுங்க.

அடுத்தது, யாரும் கேட்காத கேள்வி: "எத்தனை பெட் ஆஸ்பத்திரி?" 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைச்ச குழு, பெட் எண்ணிக்கையை வச்சுத்தான் சம்பளத்தைப் பரிந்துரை பண்ணிச்சு. 200 பெட்டுக்கு மேலன்னா மாநில அரசு நர்ஸுக்குச் சமம். 100-க்கு மேலன்னா 10 சதவீதம் வரைக்கும் குறையலாம். 50-ல இருந்து 100-னா 25 சதவீதம் வரைக்கும். 50-க்குக் கீழன்னாகூட 20,000-க்குக் குறையக் கூடாது. இது பரிந்துரைதான், சட்டம் இல்ல. ஆனா 300 பெட் வச்சுக்கிட்டு 15,000 பேசறவங்ககிட்ட இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசறதும் தெரியாம பேசறதும் ஒண்ணில்ல. "நாம எல்லாம் ஒரே குடும்பம்மா"ம்பாங்க. குடும்பத்துல யாராவது மார்க் ஷீட்டைப் பீரோவுல பூட்டுவாங்களா?

ஐயோ, நேரம் ஆயிடுச்சு. மிச்சத்தை வேகமா சொல்றேன், எழுதிக்குங்க.

ஒண்ணு, நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்? பகல் கணக்கைச் சொல்வாங்க, விடாதீங்க. வென்டிலேட்டர் பேஷண்ட்டுக்கு ஒருத்தருக்கு ஒரு நர்ஸ்ங்கறதுதான் முறை.

ரெண்டு, எந்த வார்டு? ஐசியூவுல தனியா விடறதுக்கு முன்னாடி எத்தனை நாள் சீனியர் கூட இருக்கலாம்?

மூணு, மாசத்துக்கு எத்தனை நைட், எத்தனை ஆஃப்? டபுள் டியூட்டிக்குக் காசா, ஈடு லீவா?

நாலு, ஹெபடைடிஸ் பி ஊசி யார் செலவு? நீடில் குத்திட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடணும்? ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துலன்னா இன்னும் நல்லது. இதுக்குப் பதில் தெரியாத ஆஸ்பத்திரியில சேராதீங்க.

அஞ்சு, பிரசவ லீவு. ரெண்டு குழந்தை வரைக்கும் சட்டப்படி 26 வாரம், சம்பளத்தோட. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கா? பத்து பேர் வேலை பார்த்தாலே இருக்கணும்.

ஆறு, நோட்டீஸ் எத்தனை மாசம்? ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் எத்தனை நாள்ல தருவாங்க? வெளிநாடு போறவங்களுக்கு இதுதான் உயிர்.

வெளிநாடு தனி வீடியோவா போடறேன். இப்போதைக்கு, நம்ம தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்ல முதல்ல பாருங்க. தனியார் ஏஜென்ட் இ-மைகிரேட்ல பதிவு பண்ணவங்களானு பாருங்க. அவங்க 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுக்கு மேல கூடாது.

கடைசியா, கேட்ட பதிலெல்லாம் ஆர்டர்ல எழுத்தா வரணும். சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் ஷிஃப்ட் மாறற நேரத்துல அந்த ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கற டீக்கடையில உட்காருங்க. எட்டு மணிக்கு முடியற நைட்டுக்கு எட்டரைக்காவது ஆளுங்க வெளிய வர்றாங்களானு பாருங்க. ஒருத்தர்கிட்ட, "சிஸ்டர், உங்க ஒரிஜினல் உங்ககிட்டதான் இருக்கா?"னு கேளுங்க. அவங்க முகமே சொல்லிடும்.

நாளைக்கு இன்டர்வியூ போறவங்க இன்னைக்கே ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வைங்க. ஒரிஜினல் உங்க கையோட போகணும், உங்க கையோடயே திரும்பி வரணும். நைட் டியூட்டி இருக்கு, நான் கிளம்பறேன்.